கேட்டால் பிடிக்காத ரோஜா

எங்கள் கோகிலா நகரில் செடியை யாரும் கேட்டு வாங்க மாட்டோம். கேட்டு வாங்கின செடி பிடிக்காது, யாரும் பார்க்காதபோது சுட்டுக்கொண்டு வந்து நட்டால்தான் வேர் பிடிக்கும் என்று எங்கள் மாமியார்கள் நம்பினார்கள், அவர்கள் சொல்கிற எதையும் நம்பாத நாங்களும் இதை மட்டும் நம்பினோம். அதனால் ஒருத்தி வீட்டு மணிபிளான்ட் அடுத்தவள் வீட்டு ஜன்னலில் ஏறுவதும், கடைசி வீட்டுச் செம்பருத்தி முதல் வீட்டில் பூப்பதும், செடிக்குச் சொந்தக்காரி எல்லாம் தெரிந்தும் அந்தப் பக்கம் திரும்பி நின்று துணி காயப்போட்டுக்கொண்டே இருப்பதும் எங்கள் தெருவில் மரியாதையாக இருந்தது. ஒரு வீட்டில் இருந்து யாரும் ஒரு குச்சிகூட ஒடித்துப் போகவில்லை என்றால் அந்த வீட்டுக்காரிக்கு முகம் வாடிப்போகும்.

ஓசூரைத் தாண்டி இருக்கிறது எங்கள் நகர். சுற்றிலும் பாலிஹவுஸ், பிளாஸ்டிக் கூரை போட்ட பூப்பண்ணை. உள்ளே வரிசை வரிசையாக ரோஜா, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, முழம் முழமாக நிமிர்ந்த காம்பு, ஒன்றுக்கும் வாசனை கிடையாது. வாசனை இருக்கிற பூ வழியிலேயே வாடிவிடும், பெட்டியில் அடைத்து ஏரோப்பிளேனில் அனுப்ப முடியாது என்பார்கள். பூவுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தும் எங்கள் பிள்ளைகளுக்கு ரோஜா வாசனை என்றால் ரோஸ்மில்க் வாசனைதான்.

அங்கே பேக்கிங் ஷெட்டில் காம்பு அளந்து கட்டுகிற வேலை இளஞ்சியத்துக்கு. நாள் முழுக்க பூவைத் தொட்ட கையை வீட்டுக்கு வந்து மோந்து பார்த்தால் மருந்து நாற்றம் அடிக்கும். அவள் புருஷன் சென்றாயன் அதே கம்பெனி வேனை ஓட்டினான், நல்ல மனிதன், மூக்கடைப்பு உள்ளவன், அவனிடம் வாசனையைப் பற்றிப் பேசிப் பிரயோசனம் இல்லை. இளஞ்சியத்துக்கு நகை ஆசை கிடையாது, சேலை ஆசை கிடையாது, மோந்து பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ள வைக்கிற பூ ஒன்று தன் வீட்டில் பூக்க வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

அப்படி ஒரு பூ பக்கத்து வீட்டில் பூத்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீடு ரெஜினாக்கா வீடு. ரெஜினாக்கா ஜாக்கெட் தைப்பவள், அவள் புருஷன் தேவசகாயம் லாரி ஓட்டியவர், ஊட்டிப் பக்கம் லோடு இறக்கப் போன இடத்திலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி ஒரு ரோஜாக் குச்சியைக் கொண்டுவந்து வாசலில் நட்டவர், அது பூத்த வருஷமே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தவர். அந்த ரோஜாவின் இதழில் சிவப்பும் வெள்ளையும் கோடு கோடாக ஓடும், ஒரு பூவைப் போல் இன்னொன்று இருக்காது. அதன் வாசனை காலையில் ஒரு மாதிரியும் வெயில் ஏறியபின் பழுத்த கொய்யா கலந்த மாதிரியும் இருக்கும். ஒன்று உதிர்வதற்குள் அடுத்த மொட்டு தலை காட்டும், மார்கழியா சித்திரையா என்று பார்க்காது. ரெஜினாக்கா அந்தப் பூவைத் தலையில் வைத்ததில்லை, ஒவ்வொன்றையும் தேவசகாயத்தின் போட்டோவுக்கு வைத்தாள், அந்தப் போட்டோ பூ இல்லாமல் இருந்து நாங்கள் பார்த்ததில்லை.

இளஞ்சியம் கேட்டிருந்தால் ரெஜினாக்கா கொடுத்திருப்பாள். அது எங்களுக்குத் தெரியும், இளஞ்சியத்துக்கும் தெரியும். ஆனால் கேட்டால் பிடிக்காதே.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், தெருவில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது, இளஞ்சியம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போய் அந்தச் செடியில் கை வைத்தாள். கத்தரிக்கோல் எடுத்துப் போகவில்லை. திருடுவதற்குக் கத்தரிக்கோல் கொண்டுபோனால் அது நிஜத் திருட்டு மாதிரி இருக்கும், கையால் ஒடிப்பதுதான் எங்கள் வழக்கம். அவள் பிடித்த கிளை ஒடியவில்லை. மழையில் ஊறிய பட்டை வாழைநார் போல் உரிந்துகொண்டே கீழே இறங்கி, அடிமரத்தையும் கிழித்து, மண் வரைக்கும் வந்து, அதற்கப்புறம்தான் கையோடு வந்தது. வெள்ளையாக வாய் பிளந்திருந்த இடத்தில் இளஞ்சியம் சேற்றை அள்ளி அப்பினாள், பட்டையை விரலால் ஒட்டி அமுக்கினாள், வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள்.

செடி கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து அந்த மாசக் கடைசியில் நின்ற இடத்திலேயே செத்தது. ரெஜினாக்கா அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"கஞ்சித் தண்ணி சூடா இருந்துச்சு இளஞ்சியம். ஆறட்டும்னு வெச்சேன், ஆறிடுச்சான்னு பாக்காமலே ஊத்திட்டேன். அவரு வெச்ச செடியை நானே கொன்னுட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இளஞ்சியம் சொல்லவில்லை, ரெஜினாக்காவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு தடவிக்கொடுத்தாள்.

"விடுங்கக்கா. செடிதானே. யார்தான் வேணும்னு செய்வாங்க" என்றாள்.

அந்த வாயை அப்போதே தைத்திருக்கலாம் என்று பின்னால் பல நாள் நினைத்தாள்.

குச்சி பிடித்துக்கொண்டது. குளியலறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு மண் இருந்தது, அதுதான் இளஞ்சியத்தின் தோட்டம். குச்சியின் மேல் வெட்டில் சாணியைத் தொட்டு வைத்து, சாய்த்து நட்டு, அடி அறுத்த தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடி, துளிர் விட்டதும் பாட்டிலை எடுத்து, வெங்காயத்தோல் ஊறவைத்த தண்ணீரும் முட்டை ஓட்டுத் தூளும் போட்டு, அசுவிணிப் பூச்சி வந்தால் சாம்பல் தூவி, காலை வெயில் படுவதற்காகக் கொடிக்கயிற்றையே இடம் மாற்றிக் கட்டி, பிள்ளை இல்லாத அந்த வீட்டில் பிள்ளையைப் பார்ப்பது போல் அதைப் பார்த்தாள். பார்க்கிற ஒவ்வொரு நேரமும் ரெஜினாக்கா அழுதது நினைவுக்கு வந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

தை மாசத்தில் முதல் பூ விரிந்தது. சிவப்பும் வெள்ளையும், கோடு கோடாக. அவள் செடியை மறைக்கத் தொட்டி இருந்தது, வாசனையை மறைக்க ஒன்றும் இல்லை. அது தொட்டியைத் தாண்டி, மதிலைத் தாண்டி, தெருவுக்கு வந்து வீட்டுக்கு வீடு நுழைந்தது, அதை மோந்தவர்கள் எல்லாருக்கும் கன்னத்தில் கோடு விழுந்தது.

ரோஜா இதழில் இருக்கிற அதே சிவப்புக் கோடு. காது ஓரத்தில் தொடங்கி மூக்கு வரை வரும். வலிக்காது, அரிக்காது, சோப்புப் போட்டால் போகாது. கேட்காமல் எடுத்ததற்கு ஒரு கோடு என்று எங்களுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை, ஏனென்றால் அவரவர் கோட்டை அவரவர் கண்ணாடியில் பார்த்தபோது எது எதற்கென்று அவரவருக்கே தெரிந்தது. அக்காவின் ரப்பரை எடுத்த சிறுமிக்கு மயிரிழை போல ஒன்று, அதை அவள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டினாள். பால்காரருக்குச் சில, கேபிள்காரருக்குப் பல, குடியிருப்போர் சங்கத் தலைவருக்குக் கோடுகளுக்கு நடுவில் கொஞ்சம் முகம் இருந்தது. என் கன்னத்தில் எத்தனை என்று கேட்காதீர்கள்.

முதல் இரண்டு நாள் யாரும் வெளியே வரவில்லை. தண்ணீர் லாரி வந்தது, குடத்தை எடுத்துக்கொண்டு வந்துதான் ஆக வேண்டும், வந்தோம். ஒருத்தி துண்டால் மூடிக்கொண்டு வந்தாள், ஒருத்தி மஞ்சள் அப்பிக்கொண்டு வந்தாள், குடம் தூக்குகிற அவசரத்தில் துண்டு விழுந்தது, மஞ்சள் கரைந்தது, எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம், வரிசையில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினோம். தோல் டாக்டர் ஒருவர் வந்தார், மூக்கை உறிஞ்சினார், போனில் தன் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் எழுதாமல் போய்விட்டார். மாரியம்மன் கோயில் பூசாரிக்கும் கோடு இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்குத்தான் எங்களுக்கு வயிற்றில் சோறு இறங்கியது.

அப்புறம் பழகிவிட்டது. போட்டோ ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் கோட்டை அழித்துக் கொடுத்தார். தர்மபுரியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் ஊரே கோடு கோடாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்து, "இதென்னங்க?" என்று கேட்க, "இந்த ஊரு தண்ணி அப்படி" என்று பெண்ணின் அப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொட்டிப் பக்கமிருந்து காற்று அடித்தது, மாப்பிள்ளையின் அம்மா முகத்தில் பளிச்சென்று வரிசையாக விழுந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கல்யாணம் மளமளவென்று முடிவானது. பூ உதிர்ந்தால் கோடு மங்கும், ஆனால் அந்தச் செடிதான் ஓயாமல் பூக்கிற செடியாயிற்றே, மங்குவதற்குள் அடுத்தது விரியும். கோட்டைப் பார்த்துக் கூசிய நாங்கள் போகப் போக அதையே விபூதிப் பட்டை மாதிரி சுமந்துகொண்டு திரிந்தோம்.

ஏராளமாகக் கோடு விழுந்தது இளஞ்சியத்துக்கு இல்லை. அவளுக்கு ஒன்றே ஒன்றுதான், ஆனால் விரல் அகலம், கன்னத்தின் உச்சியிலிருந்து தாடை வரை கிழிந்து இறங்கியது போல. "செடி எங்க வாங்கின?" என்று கேட்டவர்களிடம் "சந்தையில" என்றாள், சொல்லச் சொல்ல அது கறுத்துச் சிவந்தது.

ரெஜினாக்காவின் முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

முதலில் அவளைக் கும்பிடாத குறையாகப் பேசினோம். பிறகு அவள் எதிரில் வந்தால் தலையைக் குனிந்தோம். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவளைப் பிடிக்காமல் போயிற்று. துடைத்து வைத்த தட்டு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எங்கள் முன்னால் குனிந்து அளவெடுக்கும்போது எங்கள் கோட்டை எண்ணுகிறாள் என்று தோன்றியது, துணியை வேறு தையல்காரரிடம் கொடுத்தோம். வளைகாப்புக்குக் கூப்பிடவில்லை. கோடு விழாதவள் ஏதோ மந்திரம் வைத்திருக்கிறாள் என்று ஒருத்தி சொன்னாள், நாங்கள் மறுக்கவில்லை. ரெஜினாக்காவின் மிஷின் சத்தம் குறைந்து குறைந்து, கடைசியில் நாள் கணக்கில் ஓடாமல் கிடந்தது. அவள் இளஞ்சியத்தின் தொட்டியைப் பார்த்த ஜன்னலை மட்டும் திறந்துவைத்து அதன் அருகில் உட்கார்ந்திருப்பாள்.

இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த இளஞ்சியத்துக்குச் சோறு இறங்கவில்லை. செடியை எடுத்தாள், பழியை ரெஜினாக்காவே ஏற்றுக்கொள்ளும்படி விட்டாள், இப்போது அந்தச் செடியாலேயே ரெஜினாக்கா தெருவுக்கு ஆகாதவளாகிவிட்டாள். செடி திரும்பப் போக வேண்டும், அதுவும் பிடிக்கிற மாதிரி போக வேண்டும். கொடுத்தால் பிடிக்காது. ரெஜினாக்கா வந்து திருட வேண்டும்.

இளஞ்சியம் பின்பக்கக் கதவைத் திறந்துவைத்தாள். மதில் மேல் கத்தரிக்கோலை வைத்தாள், எங்கள் வழக்கத்துக்கே அது அதிகம். "நான் கடைக்குப் போறேன், வர நேரமாகும்" என்று வெறும் வீட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தால் கிளைகள் குறைந்திருக்கும், ஆனால் வந்தது ரெஜினாக்கா இல்லை, நாங்கள். திறந்த கதவைக் கண்டால் சும்மா போக எங்களுக்கு வளர்ப்பு இல்லை. வீட்டுக்கு வீடு பூந்தொட்டியில் நட்டோம், சாணி தொட்டு வைத்தோம், பாட்டில் கவிழ்த்தோம். ஒரு குச்சிகூடப் பிடிக்கவில்லை. சுட்ட செடி பிடிக்காமல் போனது எங்கள் தெருவில் அதுதான் முதல் தடவை, அந்தப் பயம் கோட்டைவிடப் பெரிதாக இருந்தது.

கத்தரிக்கோல் பனியில் துருப்பிடித்தது. ரெஜினாக்கா வரவில்லை.

தேவசகாயத்தின் நினைவு நாள் அன்று அவள் வந்தாள். காலை வெயிலில், தெரு முழுக்க ஆள் இருக்கிற நேரத்தில், வெள்ளைச் சேலை உடுத்தி, முன்வாசல் வழியாக வந்து கதவைத் தட்டினாள்.

"இளஞ்சியம், ஒரு பூ குடுக்கறியா? அவருக்கு வெக்கணும்."

தன் செடியின் பூவையே கையேந்திக் கேட்கிறவளைப் பார்த்து இளஞ்சியம் கதவை முழுக்கத் திறந்துவிட்டாள்.

"அது உங்க செடிக்கா."

"தெரியும்" என்றாள் ரெஜினாக்கா. "முதல் பூவிலயே தெரியும். அந்த வாசனை எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏங்க்கா கேக்கல?"

"ஒரு குச்சி ஒடிச்சதுக்கு என்ன கேக்கறது. நான் கொன்ன செடி உன் வீட்ல உயிரோட இருக்குதேன்னு எனக்குச் சந்தோஷம்தான். நீயா ஒரு நாள் வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஒரு பூவைக் கொடுத்து அனுப்பியிருந்தால் மன்னிப்பும் கிடைத்திருக்கும், செடியும் இருந்திருக்கும். ஆனால் 'நான் கொன்ன செடி' என்ற சொல் இளஞ்சியத்தை விடவில்லை.

"நீங்க கொல்லலக்கா. சுடுகஞ்சி ஒண்ணும் பண்ணல. நான் ஒடிக்கறப்போ அடி வரைக்கும் கிழிஞ்சிடுச்சு. சேத்தை அப்பி மறைச்சிட்டு ஓடியாந்துட்டேன். நீங்க அழுதப்போ எல்லாம் தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

ரெஜினாக்கா தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"என் தலையைத் தடவிக் குடுத்தியே" என்றாள்.

"ஆமாக்கா."

"அன்னையிலிருந்து அவரு போட்டோவை நேராப் பாக்க முடியாம இருக்கேன் நான்."

"கேட்டா பிடிக்காதுன்னு நெனச்சேங்க்கா" என்றாள் இளஞ்சியம், அதைச் சொன்னதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

"அவரு அதைக் கேட்டுத்தான் வாங்கிட்டு வந்தாரு" என்றாள் ரெஜினாக்கா. "லோடு எறக்கின பங்களாவுல, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ன அம்மாகிட்ட, எங்க வீட்ல ஆசைப்படுவா, ஒரு குச்சி குடுங்கம்மான்னு கேட்டாரு. அவங்களே வெட்டிக் குடுத்தாங்க."

பூவை வாங்காமலே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் இளஞ்சியம் வேலைக்குப் போகவில்லை. செடியைச் சுற்றி மண்ணைக் கொத்தி, வேர் அறுபடாமல் கட்டியோடு பெயர்த்து, பெயின்ட் வாளியில் இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பக்கத்து வீடுதான், மதிலைத் தாண்டிக் கொடுத்திருக்கலாம். அவள் தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள். பூவும் மொட்டுமாக ஆடிக்கொண்டு வந்த அந்தச் செடியைப் பார்த்து "எங்கடி எடுத்துட்டுப் போற?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் நின்று நின்று சொன்னாள்.

"ரெஜினாக்கா செடி. நான் திருடினது. அவங்க செடியைக் கொன்னதும் நான்தான். அவங்க ஒண்ணும் பண்ணல."

எங்கள் யாருக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் திருப்பி எங்கள் கன்னத்தைப் பார்ப்பாளோ என்று வாசலிலிருந்து உள்ளே போய்விட்டோம்.

ரெஜினாக்காவின் கதவு சாத்தியிருந்தது. பழைய செடி நின்ற குழியிலேயே நட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு, இளஞ்சியம் திரும்பி வந்தாள். சாயந்திரத்துக்குள் பூ உதிர்ந்தது, அந்த வாரத்தில் இலை உதிர்ந்தது, முள் மட்டும் நின்றது. வாசனை போன பிறகு தெருவில் எல்லோருக்கும் கோடு மங்கி மறைந்தது. இளஞ்சியத்தின் கோடு மட்டும் போகவில்லை. வெறும் முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்ப்பது எங்களுக்குக் கோட்டோடு பார்த்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. தைக்கக் கொடுக்கத் துணியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக ரெஜினாக்கா வீட்டுக்குப் போனோம். அவள் வாங்கிக்கொண்டாள், அளவெடுத்தாள்.

இளஞ்சியத்தோடு அவள் வெயில் காலம் முழுக்கப் பேசவில்லை. ஆனால் முள்ளாக நின்ற அந்தக் குச்சிகளின் அடியில் தினமும் மண் நனைந்திருந்தது. கஞ்சித் தண்ணீர், ஆறவைத்தது, விரல் விட்டுப் பார்த்து ஊற்றியது.

ஆடிக் காற்றில் சிவப்பாக ஒரு துளிர் வந்தது. ஆவணியில் பூத்தது. வாசனை தெருவுக்கு வந்த அன்று நாங்கள் அனைவரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தோம், கோடு வந்தது, பழையபடி, ஒன்றுகூடக் குறையாமல். முதல் பூ போட்டோவுக்குப் போனது.

இரண்டாவது பூ நன்றாக விரிந்த காலையில் ரெஜினாக்கா கத்தரிக்கோலோடு மதில் ஓரம் வந்து நின்றாள். இந்தப் பக்கம் இளஞ்சியம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்ததும் வழக்கப்படி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இங்க பாரு" என்றாள் ரெஜினாக்கா. "உன்மேல எனக்குக் கோவம் தீரல. தீருமான்னும் தெரியல. பூத்த காம்பை வெட்டினாத்தான் அடுத்த மொட்டு வரும். வெட்டினதைச் சும்மா எறிய எனக்கு மனசில்ல. வேணும்னா கேளு."

தெருவில் அவரவர் வாசலில் நின்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். இளஞ்சியம் திரும்பினாள். வாயைத் திறந்தாள், மூடினாள். நனைந்த துணியைப் பிழிந்தாள், பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் பட்ட பாட்டில் கழுத்திலிருந்து நெற்றி வரை ரத்தம் ஏறி முகம் முழுக்கச் சிவந்துபோனது, கோடு எங்கே இருந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

"குடுங்கக்கா" என்றாள்.